அரணும் தறியும்

திருவள்ளுவனார் பொருட்பாலில் அரசியலின் உறுப்புக்களை எண்ணி வருமிடத்து, நாடு என்பதை 74-ஆம் அதிகாரமாகவும், அரண் என்பதை 75-ஆவதாகவும், பொருள்செயல்வகை என்பதை 76-ஆவதாகவும், படைமாட்சி என்பதை 77-ஆவதாகவும் வைத்துள்ளார். இவ்வரிசையை நம் பிள்ளைகள் பள்ளியில் நெட்டுருச் செய்துவிடுகின்றனர். அதன் கருத்தை நின்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. பொருளீட்டும் வழியைக் கூறும் அதிகாரம், முன்னே கோட்டையும் பின்னே சேனையும் காவல் நிற்க நடுவில் அமர்ந்திருக்கின்றது. உரையாசிரியர்கள் இதற்கு இலக்கண முறையாற் காரணம் காட்டுவர். உலக வழக்கை நோக்கும் எமக்கோ இவ்வைப்பே ஒரு சரித்திர பாடமாகத் தோன்றுகின்றது.

தேசப் பாதுகாப்பு என்பது மந்திரிகளும் சேனாதிபதிகளும் பேசற்குரிய விஷயம் என்றும், விடியற்காலையிற் பாவு நீட்டி அந்தியில் துணியறுத்துக் கொடுக்கும் குடும்பங்களுக்கு அதனால் ஆவதொன்றில்லை என்றும் நம் சங்கத்தாருள்ளேயே சிலர் கருதுகின்றனர். எல்லைக்காவலுக்குச் செலவாகும் பொருளைக் கைத்தொழிலுக்குச் செலவிட்டால் நலமன்றோ என்று வினவுவாரும் உளர். வினா நியாயமானதே. அதற்கு விடையை வேற்று நாட்டு நூல்களில் தேட வேண்டுவதில்லை. நம் முன்னோர் தறி போட்டிருந்த இச்சோழமண்டலக் கரையின் முந்நூற்றாண்டுச் சரித்திரமே போதும்.

பழங்காலத்தில் தொழிலும் காவலும் இத்துணைத் தூரம் பிரிந்திருக்கவில்லை. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற பெருவணிகக் கூட்டத்தார் தம் சரக்கைக் காக்கத் தாமே வீரரை வைத்திருந்தனர். அவ்வீரர் காவலில் நின்ற வணிகநகரங்களுக்கு எறிவீரபட்டினம் என்று பெயர் வழங்கியதைப் பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டுக்கள் கூறும். சோழர் காலத்துச் சாசனங்களில் தெரிஞ்ச கைக்கோளர் என்னும் பெயருடைய படைகள் பல காணப்படுகின்றன. அப்பெயர் நெய்வோரையே குறித்ததென்று ஒரு சாராரும், கைவலி மிக்க வீரரைப் பொதுவாகக் குறித்ததென்று மற்றொரு சாராரும் வாதிப்பர். அவ்வழக்கை இங்கே தீர்க்கப் புகுந்தால் பக்கம் போதாது. ஊர்க்காவலுக்கென்று பாடிகாவல் என்ற வரியைக் குடிகள் இறுத்து வந்தனர் என்பதில் மட்டும் ஐயமில்லை. காவல் இலவசமாகக் கிடைப்பதன்று என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இனி, போர் வந்தால் தறிக்கு என்ன நேரும் என்பதைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். உழவனுடைய பயிர் தீக்கிரையாவதை யாவரும் கண்ணாற் காண்பர்; தறி நின்று போவதோ ஓசையின்றி நிகழும். பதினெட்டாம் நூற்றாண்டில் கடற்கரை ஊர்களில் நெய்யப்பட்ட துணிக்குரிய பஞ்சில் பெரும்பகுதி உள்நாட்டுக் கரிசல் நிலங்களிலிருந்து பொதிமாடுகளின் மேல் வந்தது. லம்பாடிகள் ஆயிரக்கணக்கான மாடுகளை ஓட்டி வந்தனர். ஒரு பட்டாளம் வழியில் நின்றால் மாடுகள் வாரா. வந்தாலும் பட்டாளத்தார் அவற்றைத் தம் மூட்டைகளுக்குப் பிடித்துக்கொள்வர். பஞ்சு வாராதாயின் கிராமந்தோறும் இராட்டையில் நூல் நூற்கும் பெண்டிர்க்கு வேலையில்லை. அவர்களுள் விதவைகளும் முதியோரும் பலர்; அவர்க்கு வேறு பிழைப்பும் இல்லை. நூல் இல்லையேல் பாவு இல்லை. பாவு நீட்டுதற்கோ நீண்ட தெருவும், மர நிழலும், பல கைகளும், கலவரமற்ற ஒரு காலைப்பொழுதும் வேண்டும். கஞ்சியிட்ட பாவை நடுத்தெருவில் விட்டுவிட்டுக் குதிரைப்படை வருகின்றதென்று ஓடினவன் திரும்பி வரும்போது அது பாவாக இராது. சாயவேர் தோண்டுவோரும், வெளுப்போரும், அச்சுக் கட்டுவோரும் இச்சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியாவர். இவற்றுக்கெல்லாம் மேலாக, நெசவாளன் வணிகனிடம் முன்பணம் பெற்று அதைக்கொண்டே நூலும் அரிசியும் வாங்கி வந்தான். போர்ச் செய்தி துறைமுகத்தை எட்டியவுடன் முதலில் நின்றது இம்முன்பணமே. எதிரி ஐம்பது காதத்துக்கு அப்பால் இருக்கும்போதே தறி பட்டினியாயிற்று.

நெசவாளனுக்கு ஒரு வசதி இருந்தது. உழவன் நிலத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. இவனோ குழித்தறியின் குழியை விட்டு, அச்சையும் விழுதையும் நாடாவையும் கட்டி எடுத்துக்கொண்டு ஓரிரவில் ஊர் மாறலாம். பஞ்ச காலத்திலும் கலகக் காலத்திலும் அவ்வாறே மாறினான். மாறிய இடம் யாது? எங்கே மதிலும் பீரங்கியும் உளவோ அங்கே.

ஐரோப்பியர் இதை நன்கு அறிந்தனர். பழவேற்காட்டில் ஒல்லாந்தரும், தரங்கம்பாடியில் டேனியரும், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும் கட்டிய கோட்டைகள் துணி வாங்குதற்காகவே எழுந்தவை. சென்னையில் 1640-இல் ஆங்கிலக் கும்பினியார் வந்திறங்கிய இடம் வெறும் மணல்மேடு. கப்பல் நிற்கத் துறையும் இல்லை. துணி மலிவாகக் கிடைக்கும் என்பதே அவ்விடத்தைத் தேர்ந்ததற்குப் பெருங்காரணம். வந்து குடியேறுவோர்க்கு முப்பதாண்டு சுங்கமில்லை என்று அறிவித்தனர். பின்னர் 1717 முதல் 1720 வரை கவர்னராயிருந்த ஜோசப் காலெட் திருவொற்றியூருக்கருகில் நெசவாளரைக் குடியேற்றினார். காலெட்பேட்டையே இன்று காலடிப்பேட்டை ஆயிற்று. கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், 1734-இல், கூவம் ஆறு மூன்று பக்கமும் வளைந்தோடும் ஒரு தோட்டத்தில் நூற்போரும் நெய்வோரும் துணியில் வண்ணம் எழுதுவோரும் வாழ ஓர் ஊர் வகுக்கப்பட்டது. அதுவே சின்னத்தறிப்பேட்டை, சிந்தாதிரிப்பேட்டை என மருவியது. கும்பினித் துணியை வெளுத்தவர் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை. இவ்வூர்ப் பெயர்களை நாள்தோறும் சொல்லும் சென்னைவாசிகளிற் பலர், இவை அஞ்சி வந்த தொழிலாளர் அடைக்கலம் புகுந்த இடங்கள் என்பதை நினைப்பதில்லை.

அஞ்சுதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1740-இல் மராட்டியர் தாமல்செருவில் ஆர்க்காட்டு நவாபு தோஸ்த் அலியைக் கொன்று நாட்டைக் கொள்ளையிட்டனர். 1746-இல் பிரெஞ்சுக் கப்பற்படை சென்னையையே பிடித்துக்கொண்டது. அவ்வாண்டு அக்டோபரில் அடையாற்றங்கரையில் நிகழ்ந்த ஒரு சண்டை, அளவாற் சிறிதாயினும் பயனாற் பெரிது. நவாபின் மகன் மகபூஸ்கான் பதினாயிரம் பேரோடு வந்தான். எதிரே நின்ற பிரெஞ்சுப் படை ஆயிரம் பேர் அளவே. அவ்வாயிரவருள்ளும் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்களே. ஒழுங்காக அணிவகுத்து இடைவிடாது சுட்ட துப்பாக்கிகளின் முன் பெருஞ்சேனை கலைந்தோடிற்று. நம்மவரிடம் வீரமில்லை என்று இதற்குப் பொருள் கூறுவது அறியாமை. பயிற்சியும் ஆயுதமும் மாதந்தவறாத சம்பளமும் எப்பக்கம் இருந்தனவோ அப்பக்கம் வெற்றி நின்றது. பிரெஞ்சுக்காரர் கோட்டையை ஒட்டியிருந்த கறுப்பர் பட்டணத்தில் ஒரு பகுதியை இடித்தனர். 1749-இல் சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தபின் அவர்கள் எஞ்சிய பகுதியையும் பீரங்கிக்கு வெளி வேண்டுமென்று படிப்படியே அகற்றினர். அங்கு வாழ்ந்த குடிகளின் வீட்டுமனைகள் இருந்த நிலத்தில் இன்று உயர்நீதிமன்றம் நிற்கின்றது. அடைக்கலம் கொடுத்தவனே தன் கோட்டையின் நலம் கருதி வீட்டை இடிக்கவும் வல்லன் என்பது அப்பொழுதே வெளியாயிற்று.

நவாபு முகம்மதலி இதிலிருந்து கற்ற பாடம் விபரீதமானது. சொந்தப் படையைச் சீர்படுத்துதற்கு மாறாகக் கும்பினியின் பட்டாளத்தை வாடகைக்கு அமர்த்தினார். வாடகைக்குக் கடன், கடனுக்கு வட்டி, வட்டிக்குக் கிராமங்களின் வரி வருமானம் ஈடு. 1763-இல் செங்கற்பட்டுச் சீமை கும்பினிக்கு ஜாகீராயிற்று. இக்கடன்காரக் கூட்டத்தின் கதை 1785-இல் எட்மண்டு பர்க் என்பார் ஆங்கிலப் பாராளுமன்றத்தில் நெடுநேரம் முழங்கிய பேச்சுக்குப் பொருளாயிற்று. காவலைக் கடனாக வாங்கிய நாட்டில் அக்கடனை அடைத்தவர் யார்? ஏர் பிடித்தவரும் நாடா எறிந்தவருமே.

1758 முதல் 1761 வரை நடந்த போரைப் பற்றி விரிக்க வேண்டுவதில்லை. புதுச்சேரியில் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் எழுதி வைத்த தினசரியைப் படிப்பவர், துணிக்கட்டுக்களின் விலையும் படையெடுப்புச் செய்திகளும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வருவதைக் காண்பர். வணிகனுக்கு அவை இரண்டும் ஒரே விஷயம். 1761 ஜனவரியில் பிள்ளையும் காலஞ்சென்றார். அதே திங்களில் புதுச்சேரியும் வீழ்ந்தது. வென்றவர் நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கினர்.

1767-இல் மைசூர்க் குதிரைப்படை சென்னையின் புறநகர்வரை வந்து சூறையாடியது. 1769-இல் ஐதரலி தாமே சென்னை வாயிலில் வந்து நின்று உடன்படிக்கை எழுதுவித்தார். அதன்பின் கும்பினியார் விழித்துக்கொண்டு பட்டணத்தின் வடக்கும் மேற்கும் ஒரு மதில் எடுப்பித்தனர். அதற்கு ஒப்பந்தக்காரர் பால் பென்பீல்டு. நவாபுக்குக் கடன் கொடுத்துக் கொழுத்தவரும் அவரே. மதிற்செலவைக் குடிகளிடம் வரியாக வாங்க எண்ணினர். அவ்வெண்ணம் வால்டாக்ஸ் சாலை என்ற பெயரில் இன்றும் நிலைத்திருக்கின்றது.

மதில் பட்டணத்துக்கு. வெளியே இருந்த நாட்டுக்கோ? 1780 ஜூலையில் ஐதரலி எண்பதினாயிரம் பேருக்கு மேற்பட்ட சேனையுடன் கணவாய் வழியே இறங்கினார். அவருடைய மகன் கரீம் பரங்கிப்பேட்டையைக் கொள்ளையிட்டான். சென்னையைச் சூழ்ந்த கிராமங்கள் எரிந்தன. கால்நடைகள் ஓட்டிச் செல்லப்பட்டன. பக்சாரில் வென்ற சர் எக்டர் மன்றோ காஞ்சிபுரத்தில் படையோடு தங்கியிருக்க, அவருடன் சேர வந்த கர்னல் பெய்லியின் படை செப்டம்பர் 10-ஆம் நாள் சில கல் தொலைவிலுள்ள புள்ளலூரில் அழிக்கப்பட்டது. மன்றோ பெரிய பீரங்கிகளைக் காஞ்சியிலுள்ள குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டை நோக்கிப் பின்வாங்கினார். காஞ்சி நெசவாளர் வரி கொடுத்தது நவாபுக்கு. நவாபு பொருள் கொடுத்தது கும்பினிக்கு. கும்பினியின் பீரங்கி குளத்துக்குள். அன்று அவ்வூரார் எதை நம்பியிருத்தல் கூடும்?

ஐதரலியைக் கொடியவர் என்று மட்டும் சொல்லி விடுதல் சரித்திரமாகாது. 1769-இல் ஒருவர்க்கொருவர் துணை நிற்பதாகக் கும்பினியார் எழுதிக் கொடுத்தனர். மராட்டியர் மைசூர்மேற் படையெடுத்தபோது அவ்வாக்கை நிறைவேற்றவில்லை. கடல்வழி உணவு பெறும் கோட்டையைப் பணியவைக்க அதைச் சுற்றிய நாட்டைப் பாழாக்குவதே வழியென்று அவர் துணிந்தார். போர்த்தந்திரத்தில் அது சிறந்ததாகலாம். அதன் பயனை நுகர்ந்தவரோ கோட்டைக்குள் இருந்த கவர்னர் அல்லர். தஞ்சை நாட்டிலும் தொண்டை நாட்டிலும் ஐதர் கலாபம் என்று பின்னர் நெடுங்காலம் பாட்டிமார் சொல்லி வந்தது இதனையே. நாட்டுப்புற மக்கள் சென்னைக்குள் வந்து குவிந்தனர். அரிசி கடல்வழி வரவேண்டும். கடலிலோ 1782 முதல் பிரெஞ்சுத் தளபதி சப்ரேனின் கப்பல்கள் உலாவின. அவ்வாண்டு அக்டோபரில் வீசிய புயலில் துறையில் நின்ற அரிசிக் கப்பல்கள் பல உடைந்தன. பசித்தோர்க்குக் கஞ்சி வார்க்க 1782-இல் எழுந்ததே மணியக்காரர் சத்திரம். கஞ்சித்தொட்டி என்று வடசென்னையார் வழங்கிய பெயர் அக்காலத்துப் பசியின் நினைவு. அத்தொட்டியின் முன் கையேந்தி நின்றவருள் முந்தின ஆண்டுவரை நான்கு தறிக்கு உடையவராயிருந்தாரும் இருந்திருப்பர் என்று எண்ணுகையில் நெஞ்சம் கலங்குகின்றது.

இதுகாறும் கூறியவற்றால், காவல் இல்லாத நாட்டில் தொழில் நில்லாது என்பது தெளிவு. ஆயினும் கட்டுரையை இங்கே முடித்தல் தகாது. சரித்திரத்தின் மறு பாதி இனித்தான் வருகின்றது.

1799-இல் திப்பு வீழ்ந்தார். 1801-இல் கர்நாடக இராஜ்யம் முழுவதும் கும்பினி வசமாயிற்று. பாளையக்காரரும் ஒடுக்கப்பட்டனர். அதன்பின் இக்கரையில் குதிரைப்படை வரவில்லை; கிராமம் எரியவில்லை. லம்பாடியின் மாடுகள் தடையின்றி நடந்தன. நெசவாளன் நூறாண்டாக வேண்டி நின்ற அமைதி வந்துவிட்டது. அவன் செழித்தானா?

செழிக்கவில்லை. முற்காலத்தில் அவனுக்கிருந்த பெரும்பலம் ஊர் மாறும் உரிமையே. ஒரு வணிகன் விலை குறைத்தால் முன்பணத்தைத் திருப்பி எறிந்து வேறொருவனிடம் செல்வான்; ஒரு பாளையக்காரர் கொடுமை செய்தால் அடுத்த பாளையத்தில் வரவேற்பு உண்டு. நாடெங்கும் ஒரே அதிகாரம் ஆனபின் செல்லுமிடம் இல்லை. கும்பினி இடைவணிகரை விலக்கி நெசவாளரைத் தன் நேர்க்கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள முயன்றது. தறிகளின்மேல் சேவகரை நிறுத்தியது. வேறொருவர்க்கு நெய்தால் தண்டித்தது. பின்னர் அத்துணிக்கும் தேவை குறைந்தது. இங்கிலாந்தில் இயந்திர நெசவு பெருகிற்று. 1813-ஐ ஒட்டிய காலத்தில் நம் துணிகள் சிலவற்றுக்கு அந்நாட்டில் நூற்றுக்கு எழுபது, எண்பது வீதம் வரி. அந்நாட்டுச் சீமைத்துணி இங்கு வர நூற்றுக்கு இரண்டு மூன்று வீதமே. 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கும்பினி வாணிகத்தையே விட்டு ஆட்சியை மட்டும் வைத்துக்கொண்டது. பின்னும், 1896-இல், இந்திய ஆலைத்துணி மீதே நூற்றுக்கு மூன்றரை வீதம் தீர்வை போடப்பட்டது. 1925 இறுதியில் அது நிறுத்தப்படும் வரை முப்பதாண்டு நின்றது.

ஆங்கிலேயர் அமைதி தந்தனர் என்று நம் பழைய பாடப்புத்தகங்களில் ஒரு வாக்கியம் தவறாது வரும். அது பொய்யன்று. அமைதி தந்தனர். அவ்வமைதிக்குக் காவலிருந்த கப்பற்படைதான் சீமைத்துணி மூட்டைகளையும் பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கிற்று. அரண் அவர்களுடையது, ஆதலால் அவ்வரணுக்குள் எத்தொழில் வாழ்வது, எத்தொழில் தேய்வது என்பதை முடிவு செய்யும் உரிமையும் அவர்களுடையதாயிற்று. தறி முழுதும் அழிந்துவிடவில்லை. முரட்டுச் சேலை, கைலி, கோடுபோட்ட கைக்குட்டை இவற்றைப் பற்றிக்கொண்டு பிழைத்தது. ஆயினும் உலகச் சந்தைக்கு நெய்த கை அண்டை ஊர்ச் சந்தைக்கு நெய்யும் கையாகச் சுருங்கிற்று. ஐதர் கலாபம் நான்காண்டில் ஓய்ந்தது. இக்கலாபத்தில் ஓசையே எழவில்லை.

பிறர் கையிலுள்ள காவல் எவ்வளவு உறுதியானது என்பதை இருபதாம் நூற்றாண்டு இருமுறை காட்டிற்று. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்ற ஒரே ஒரு ஜெர்மன் கப்பல் சென்னைக்கு எதிரே வந்து, எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்துவிட்டுச் சென்றது. சேதம் சிறிது; மக்கள் ஊரைவிட்டு ஓடியதோ பெரிது. 1942-இல் நிகழ்ந்தது அங்ஙனம் நகைத்துவிடத் தக்கதன்று. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் மார்ச்சில் இரங்கூனும் ஜப்பானியர் கைப்பட்டன. பர்மாவிலும் மலேயாவிலும் விற்று வந்த கைலிகளை நம்பித் தறி போட்டிருந்த ஊர்களில் சந்தை ஒரே மாதத்தில் அடைபட்டது. பர்மா அரிசியும் நின்றது. இலட்சக்கணக்கான இந்தியர் அரக்கான் காடுகள் வழியும் மணிப்பூர் மலைகள் வழியும் நடந்தே தாய்நாடு வந்தனர். வழியில் மாண்டவர் பலர். ஏப்ரலில் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டு வீச்சுக்குள்ளாக, சென்னை பாதி காலியாயிற்று. நூல் கிடைக்காமல் விலையேறி, 1943-இல் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. சிங்கப்பூர்க் கோட்டையைக் கட்டியவர் நம்மைக் கேட்டுக் கட்டவில்லை. அது வீழ்ந்தபோது பட்டினி கிடந்தவருள் நம்மவரும் இருந்தனர்.

1947-க்குப் பின் காவல் நம் கையில் வந்தது. அதற்காகச் செலவிடும் பணம் முழுதும் நன்கு செலவாகின்றது என்று யாம் சொல்ல வரவில்லை. கணக்குக் கேட்பது குடிகளின் உரிமை. பாடிகாவல் வரி கொடுத்தவரும் கேட்டிருப்பர். ஆனால் வேண்டாச் செலவு என்று அடியோடு தள்ளுவோர்க்கு அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லுதல் தகும். 2023-ஆம் ஆண்டின் இறுதி முதல் செங்கடலில் வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டன. கப்பல்கள் சூயஸ் வழியை விட்டு ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் செல்லலாயின. திருப்பூரில் பின்னிய ஆடை ஐரோப்பா சேர முன்னிலும் பல நாள் மிகுதி, கப்பற்கூலியும் பன்மடங்கு. இப்பகையில் நமக்கு எவ்வகைத் தொடர்பும் இல்லை. எனினும் வாரக்கூலிக்குத் தைப்பவர்வரை அதன் வெம்மை வந்து தாக்கிற்று. அதே வேளையில் சோமாலியாக் கடற்பக்கம் கொள்ளைக்காரரும் தலையெடுத்தனர். 2024 ஜனவரியில் லீலா நார்போக் என்ற சரக்குக் கப்பலை ஆயுதம் தாங்கியோர் ஏறிப் பிடிக்க, அதிலிருந்த மாலுமிகள் இருபத்தொருவர் உள்ளறையில் அடைந்துகொண்டனர். அவருள் பதினைவர் இந்தியர். நம் போர்க்கப்பல் ஒன்று விரைந்து சென்று ஜனவரி 5-ஆம் நாள் இருபத்தொருவரையும் மீட்டது. அப்போர்க்கப்பலின் பெயர் ஐ.என்.எஸ். சென்னை.